மூன்றாவது கொக்கி

கடலில் மூழ்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஹானுஸ் ஓர் உல்லாசக் கப்பலிலிருந்து எங்கள் துறைமுகத்தில் இறங்கினான். நெஞ்சில் ஐந்தாம் எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவன் சீட்டு வாங்கியிருந்தது நான்கு மணி நேரச் சுற்றுலாவுக்கு. மரத்தால் கட்டிய பழைய தேவாலயம், மலையைக் குடைந்து போட்ட சாலை, கம்பளிக் கடை, கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டில் காப்பியும் பலகாரமும். மதியச் சாப்பாடு அதில் சேராது.

பாரோ தீவுகளின் வடகோடியில் இருக்கிற ஸ்கார்விக் எங்கள் ஊர். ஐயாயிரம் பேர் இருக்கும் இடத்தை நகரம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எப்போதும் வெட்கம் இருந்ததில்லை. கோடையில் வாரம் இரண்டு கப்பல் வரும். ஒவ்வொரு கப்பலும் ஊர் ஜனத்தில் பாதிக்குச் சமமான ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, மாலை நாலரைக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் அவர்கள் எங்கள் சமையலறை ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள், காயப்போட்ட துணியைப் படம் எடுப்பார்கள், மலைமேல் மேய்கிற ஆடுகளெல்லாம் நகராட்சி ஆடுகளா என்று கேட்பார்கள். ஒருமுறை ஒரு பெண்மணி, ராத்திரியில் இந்தத் தீவை மூடிவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள் என்றுகூடக் கேட்டாள். பழகிவிட்டது. செத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வரத் தொடங்கியதற்கும் அப்படித்தான் பழகிக்கொண்டோம்.

அன்று ஐந்தாம் எண் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் பிரிதா, ஹானுஸின் தங்கை. சுற்றுலா வழிகாட்டிக்கு முதல் வேலை தலைகளை எண்ணுவது. முப்பத்தாறு பேர் வர வேண்டும். எண்ணினாள், முப்பத்தாறு. மறுபடி எண்ணினாள், முப்பத்தாறேதான். ஆனால் அதில் ஒரு தலை அவள் அண்ணனுடையது. கடலில் போனபோது முப்பத்துமூன்று வயது, இப்போது நாற்பத்திரண்டுக்கு உரிய தோற்றம். முன்நெற்றி ஏறியிருந்தது, கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. கடலுக்கடியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை போலிருக்கிறது என்று பிறகு கம்பளிக் கடையில் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது குடையைக்கூடத் தொடாதவன், இப்போது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டியிருந்தான். பேருந்தில் கழிப்பறை உண்டா என்று தங்கையிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்கு அந்த நாளில் தெரிந்த ஆங்கிலம், ஸ்காட்லாந்துப் படகுக்காரர்களைத் திட்டுகிற அளவுதான். இப்போது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் மாதிரி பேசினான். கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையில், படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கடல் மட்டும் இருந்தது. கப்பல் வாசலில் அட்டையைத் தொட்டுப் பார்க்கிற இயந்திரம் அதையும் மற்ற அட்டைகளைப் போலவே பச்சை விளக்கு காட்டி அனுப்பியது.

அவன் முதல் ஆள் இல்லை. முந்தைய கோடையில் மார்யுன் என்பவளின் மகன் எலியாஸ் வந்திருந்தான். பதினாறு ஆண்டுகளுக்கு முன் புயலில் போன படகில் இருந்தவன். கம்பளிக் கடையில் விலை கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றவனை மார்யுன் பார்த்தாள், பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். எந்தத் தாயும் கூப்பிடுவாள். அவன் திரும்பினான். முகம் மெல்ல மெல்லத் தெளிந்து, "அம்மா, ரொம்ப நேரமாச்சா?" என்று எங்கள் மொழியில் கேட்டான். ஊரே அழுதது, நானும் அழுதேன். கப்பல் மூன்று முறை ஊதிப் பார்த்துவிட்டு, அவன் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டுப் போய்விட்டது. பெட்டியில் ஈர மணல் இருந்தது. கப்பலின் புகை மறைந்தபோது எலியாஸின் தலைமுடி நனையத் தொடங்கியது. துவட்டினார்கள், நனைந்தது. அடுப்புப் பக்கம் உட்காரவைத்துப் பதினொரு துண்டு மாற்றினார்கள். ஞாபகம் வர வர அவனுக்கு வந்ததெல்லாம் கடைசிக் கால்மணி நேரம்தான். அதையே திரும்பத் திரும்ப அனுபவித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, குளிருது என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் படுக்கையில் கடல்நீர் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கப்பலிலும் அவன் வரவில்லை. மார்யுனின் மெத்தை இன்றுவரை காயவில்லை.

அதனால் நகராட்சியும் போதகரும் சுற்றுலா அலுவலகமும் உட்கார்ந்து பேசி, ஒரு வரி எழுதி, பேருந்து நிலையத்திலும் கடைகளிலும் ஒட்டினார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர் உள்ள எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, எங்களைக் கூச்ச சுபாவக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு விஷயம் தெரியும். விருந்தாளியாக இருக்கும்வரை அவர்கள் காய்ந்திருக்கிறார்கள். நம் ஆளாக மாறிவிட்டால் தண்ணீர் வந்துவிடுகிறது.

ஹானுஸின் மனைவி சுன்னிவா அந்த வசந்தத்தில்தான் தன் வீட்டை சுற்றுலாப் பட்டியலில் சேர்த்திருந்தாள். ஒரு பேருந்துக் கூட்டத்தை மூன்று வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள், வீட்டுக்குப் பன்னிரண்டு பேர். தலைக்கு எழுபது குரோனா கிடைக்கும். அவள் வீடு துறைமுகத்தை ஒட்டிய மேட்டுத் தெருவில் கறுப்புத் தார் பூசிய மரவீடு, கூரையில் புல். பேருந்து மலைக்குடைவுக்குள் நுழையும் முன்பு பிரிதா அவளைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அடுப்ப அணைச்சிட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க."

"வாஃபிள் கருகிரும். நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு."

"அண்ணன் வந்திருக்கு. பதினோராவது சீட்ல உக்காந்து மலைய போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு. நம்ம வீட்டுக்கு எழுதின பன்னெண்டு பேர்ல அதுவும் ஒண்ணு. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, வேற வீட்டுக்கு மாத்தி விட்டுடறேன்."

வாஃபிள் கருகுகிற வாசனை வந்ததும் சுன்னிவா அடுப்பை அணைத்தாள். பிறகு, "நனைஞ்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்ல. நல்லா காஞ்சுதான் இருக்கு."

"அப்ப கூட்டிட்டு வா."

அந்த வீட்டின் கதவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமான ஆண்டிலிருந்தே அது ஈரத்தில் உப்பி நிலையில் ஒட்டிக்கொள்ளும். சரிசெய்கிறேன், சரிசெய்கிறேன் என்று ஆறு ஆண்டுகள் சொல்லிவிட்டு ஹானுஸ் கடலில் போய்விட்டான். வெளியிலிருந்து என்றால் இடது தோளால் கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும், உள்ளிருந்து என்றால் தூக்கித் தள்ள வேண்டும். புதிதாய் வருகிறவர்களுக்கு உள்ளிருந்து யாராவது திறந்துவிட வேண்டியிருக்கும். அன்று வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, முன்னால் நின்ற ஹானுஸ் பேச்சை நிறுத்தாமலே இடது தோளைக் கொடுத்துத் தூக்கி இழுத்து உள்ளே போனான். சுன்னிவா அடுப்படியில் நின்றபடி அந்தத் தோளைப் பார்த்தாள்.

அவன் நான்கு வாஃபிளும் ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் நிறையவும் சாப்பிட்டான். காப்பிக்கு நாலு கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் முன்னால் நின்று, மாப்பிள்ளை என்னை மாதிரியே இருக்கிறார் இல்லையா என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டான். அவர்கள் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். ஒரு டச்சுக்காரர் அவனைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் அவன் நின்ற இடத்தில் சுவர் கொஞ்சம் ஈரமாகத் தெரிந்ததாக அவர் பிறகு பிரிதாவிடம் குறைபட்டுக்கொண்டார். சுன்னிவா எல்லாருக்கும் இரண்டாம் முறை காப்பி ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர்கள் போன பிறகு அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். இருக்கும்.

அந்தக் கோடை முழுக்க ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை அவன் வந்தான். ஒவ்வொரு முறையும் முதல்முறை வருகிறவனாகவே வந்தான். அதே கேள்வி, அதே நாலு கட்டி, படத்தின் முன்னால் அதே வியப்பு. அடுத்த கோடையிலும் அப்படியே. ஊர் அதைக் கப்பல் அட்டவணையோடு சேர்த்துத் தெரிந்துவைத்துக்கொண்டது. ஐந்தாம் எண் பேருந்தை ஓட்டிய யாகுப்புக்குத்தான் பாடு. கோடையில் ஓட்டுநராகவும் குளிர்காலத்தில் மீன்படகிலும் வேலை பார்க்கும் யாகுப், நாலு ஆண்டுகளாகச் சுன்னிவாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தவன். அவளும் மாட்டேன் என்றதில்லை. கோப்பை இன்னும் கொக்கியில்தானே தொங்குது என்பாள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் சமையலறைச் சுவரில் ஒரு கொக்கி, அதில் அவரவர் கோப்பை. விருந்தாளிகளுக்குப் பூப்போட்ட பீங்கான் அலமாரியில் தனியாக இருக்கும். வீட்டாள் செத்தால் கோப்பையை இறக்கிவிடலாம். கடல் கொண்டுபோனவனின் கோப்பையை மட்டும் உடல் கிடைக்கும்வரை இறக்குவதில்லை. சனிக்கிழமைதோறும் கழுவித் துடைத்து அதே கொக்கியில் மாட்டுவார்கள். சுன்னிவா வீட்டில் முதல் கொக்கி மாமனாருடையது. அவர் படுக்கையில் செத்தவர், அதனால் காலி. இரண்டாவது அவளுடையது. மூன்றாவதில் ஹானுஸின் நீலக் கோப்பை தொங்கியது. விளிம்பில் எனாமல் பெயர்ந்தது. யாகுப் ஒருமுறை இழைப்புளியை எடுத்துக்கொண்டுபோய்க் கதவையாவது சரிசெய்து தருகிறேன் என்றபோது, அவள் அதையும் தொடவிடவில்லை. இப்போது அந்த ஆளையே வாரம்விட்டு வாரம் தன் பேருந்தில் ஏற்றிவந்து அவள் வாசலில் இறக்க வேண்டியிருந்தது.

"எனக்குன்னு ஒரு ராசி பாரு. நானே கூட்டியாந்து நானே இறக்கி விடறேன். எறங்கும்போது நல்லா ஓட்டுனீங்கன்னு முதுகுல தட்டிட்டு வேற போறாரு," என்று பணிமனையில் யாகுப் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சுன்னிவா மனைவியா விதவையா என்று அவளே போதகரிடம் போய்க் கேட்டாள். போதகர் பதிவு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். பதிவு அலுவலகத்துப் பெண், நாலு மணி நேரம் தங்குகிறவர்களை ஊரில் வசிப்பவராகப் பதிய முடியாது என்றாள். ஆனால் சுன்னிவாவுக்கு வேண்டியிருந்தது பதிவு இல்லை. அவன் ஒருமுறை தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகள் அவள் கேட்காமல் இருந்த ஒரு சொல்லை, கைநீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து ஜாம் சாப்பிடுகிறவன் வாயிலிருந்து கேட்க வேண்டும். எலியாஸுக்கு நடந்தது தெரிந்தும் அந்த ஆசை அவளை அரித்தது. முதலில் பழைய பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பிறகு அவனுடைய புகைக்குழாயை மேசைமேல் மறந்ததுபோல் வைத்தாள். ஒரு வியாழக்கிழமை பலகாரத்தை விட்டுவிட்டு, அவனுக்குப் பிடித்த உப்புக்கண்ட ஆட்டிறைச்சிக் கஞ்சியைக் காய்ச்சிவைத்தாள். மற்ற பதினொரு பேரும் முகம் சுளித்தார்கள். அவன் மட்டும் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, வெகு விசித்திரமான ருசி என்று பாராட்டினான். பிரிதா அன்று பேருந்தை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? மார்யுன் அத்தை மெத்தைய போய் ஒருதடவ தொட்டுப் பாத்துட்டு வாங்க."

"நான் பேரச் சொல்லிக் கூப்பிடலயே."

"பேரு ஒண்ணுதான் பாக்கி. எனக்கும் அண்ணன்தான் அது. தண்ணி குடிக்கறீங்களான்னு அதுகிட்ட இங்கிலீஷ்ல கேக்கறேன் நான். எனக்கு வலிக்காதா?"

சுன்னிவா கிண்ணங்களைக் கழுவினாள். அதற்குப் பிறகு புகைக்குழாயை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஆசையை எங்கே எடுத்து வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டாம் கோடையின் கடைசிக் கப்பல் ஆகஸ்ட் இறுதியில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் என்பதால் அங்கே போக வேண்டியவர்களில் ஒருத்தி கூடுதலாக வந்துசேர, சுன்னிவா வீட்டில் பதின்மூன்று பேர் ஆகிவிட்டார்கள். பீங்கான் கோப்பைகள் பன்னிரண்டுதான். காப்பி ஊற்றிக்கொண்டே வந்தவள், ஹானுஸிடம் வந்தபோது கோப்பை தீர்ந்திருந்தது. கை பின்னால் போய், மூன்றாவது கொக்கியிலிருந்து நீலக் கோப்பையை எடுத்து, ஊற்றி, அவன் முன்னால் வைத்தது. இது தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நான் தவறு என்கிற கட்சி. அதே ஆளுக்கு அதே அடுப்பிலிருந்து ஆறு ஆண்டுகள் காப்பி ஊற்றிய கை அது. வேறு ஊரில் நடக்காது, எங்கள் தெருவில் நடக்கும்.

அவன் குடித்தான். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கோப்பையை அலசி, இரண்டு உதறு உதறி, கைப்பிடி ஜன்னலைப் பார்க்கும்படி மூன்றாவது கொக்கியில் மாட்டினான். கொக்கியை அவன் பார்க்கவே இல்லை. மாட்டிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றான். அவன் சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"கதவு இன்னும் ஒட்டுதே," என்றான், எங்கள் மொழியில். "அடுத்த வாரம் சரி பண்ணிடறேன், சுன்னிவா."

வாசலில் நின்ற பிரிதாவின் கையிலிருந்து ஐந்தாம் எண் பலகை விழுந்தது. மற்ற விருந்தாளிகள் எதையும் கவனிக்கவில்லை, ஜாம் பாட்டில்களை விலைக்குத் தருவீர்களா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுன்னிவா அவனையே பார்த்தாள். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்கு, அது வந்துவிட்டது. அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பிரிதா இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதற்குள் அவன் தலைமுடி நெற்றியில் ஒட்டத் தொடங்கியிருந்தது. காதிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கியது. அவன் காலைச் சுற்றித் தரை கறுத்தது. அவன் கதவைப் பார்த்தான், ஜன்னல் வழியே தெரிந்த கடலைப் பார்த்தான். பிறகு, "குளிருது," என்றான்.

கப்பலுக்குத் திரும்பும் பேருந்து புறப்பட நாற்பது நிமிடம் இருந்தது. இதற்கு என்ன செய்வது என்று நகராட்சி ஒட்டிய தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வைத்துக்கொண்டால் இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் அவன் மூழ்கிக்கொண்டே இருப்பான், பிறகு எப்போதும் இல்லை. சுன்னிவா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்று, கையைத் தட்டி எல்லாரையும் அழைத்தாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில், பிரிதா எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்திருந்த வீட்டுக்கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். வீடு கட்டிய ஆண்டு, கூரைப் புல்லை வெட்டுகிற விதம், அடுப்பு வந்த கப்பல். அதில் ஒரு வரியை இரண்டு கோடைகளாக அவள் விட்டுவிட்டே சொல்லிவந்தாள். இன்று விடவில்லை. எழுதிக்கொடுத்திருந்தது கடலில் காணாமல் போனார் என்று. அவள் அதை மாற்றினாள்.

"இந்தப் படத்துல இருக்கறவரு என் வீட்டுக்காரரு. மீன் பிடிக்கறவரு. செத்துப் போயிட்டாரு."

அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் ஒருநாளும் சொன்னதில்லை, எந்த மொழியிலும். திரும்பி வரவில்லை என்றுதான் எப்போதும் சொல்வாள். சொல்லிவிட்டு, நேராக ஹானுஸிடம் போய், மூன்றாவது கொக்கியிலிருந்து கோப்பையை எடுத்து, துணியால் துடைத்து, அவன் ஈரக்கையில் வைத்தாள்.

"இது அவரோட கோப்பை. எங்க ஊரு ஞாபகமா நீங்க எடுத்துட்டுப் போங்க, சார். இனி இந்த வீட்டுல இதுக்கு ஆள் இல்ல."

அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதிலிருந்து இறங்கிய நீர் நின்றது. தலைமுடி காய்ந்து முன்போலப் பறக்கத் தொடங்கியது. நிமிர்ந்தபோது அவன் முகம் விருந்தாளியின் முகம், மரியாதையான, கொஞ்சம் சங்கடப்பட்ட முகம்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றான் ஆங்கிலத்தில். "நல்ல மனுஷரா அவரு?"

"கதவ மட்டும் சரி பண்ணவே மாட்டாரு."

"மத்தபடி?"

"மத்தபடி நல்லவரு."

"நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கலயா?"

"இன்னும் இல்ல."

பண்ணிக்கொள்ளலாமே, உங்களுக்கு அப்படி என்ன வயசாகிவிட்டது என்று அவன் சொன்னான். முன்பின் தெரியாதவர்கள் அக்கறையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னான். கோப்பையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். தோளால் கதவைத் தூக்கித் தள்ளிக்கொண்டு வெளியே போனான். துறைமுகத்தில் பிரிதா எண்ணினாள், முப்பத்தாறு. இயந்திரம் பச்சை விளக்கு காட்டியது. சுன்னிவா அன்று சமையலறைத் தரையைத் துடைக்கக் குனிந்தவள், அந்தத் தண்ணீரின்மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தெருவில் எல்லாருக்கும் கேட்டது, யாரும் போய்த் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்காது.

செப்டம்பரில் அவளே யாகுப்பைக் கூப்பிட்டனுப்பி இழைப்புளியோடு வரச்சொன்னாள். அவன் கதவைக் கழற்றி, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியவனைப்போல் சீட்டியடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இழைத்தான். அதற்குப் பிறகு ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவாகிவிட்டது.

பிப்ரவரி மாதம் யாகுப் போயிருந்த படகு, வடக்கே நூற்றறுபது மீட்டர் ஆழத்தில் வலையை இழுத்தது. நாலு டன் காட் மீனுக்கு நடுவில் அந்த நீலக் கோப்பை நிமிர்ந்து உட்கார்ந்தபடி மேலே வந்தது. உடையவில்லை, சாயவும் இல்லை. அதில் பாதி காப்பி இருந்தது, ஆவி பறந்தது. படகின் தலைவர் எதற்கும் வியக்கிற ஆள் இல்லை. மீனின் எடைக்கும் வாடைக்காற்றின் வேகத்துக்கும் நடுவில் அதையும் ஒரு வரி எழுதிவைத்தார். கரைக்கு வர இரண்டு நாள் ஆனது. யாகுப் இரண்டு நாளும் அதைச் சிந்தாமல் காவல்காத்து, தெரு ஏறிக் கொண்டுவந்து சுன்னிவாவின் மேசைமேல் வைத்தபோதும் அது சூடாகவே இருந்தது. சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்து முடித்தாள்.

"ஜாஸ்திதான்," என்றாள்.

கழுவித் துடைத்து, கொக்கிப் பக்கம் போகாமல், விருந்தாளிகளின் பீங்கான் அலமாரியில் பதின்மூன்றாவதாக வைத்தாள். ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. மூன்றாவது கொக்கியில் இப்போது பேருந்துச் சாவி தொங்குகிறது. யாகுப்புக்குச் சொந்தக் கோப்பை என்று ஒன்று உண்டு, அதை மாமனாரின் கொக்கியில் மாட்டிக்கொள்கிறான்.

ஜூன் முதல் வியாழக்கிழமை ஹானுஸ் நெஞ்சில் ஐந்தாம் எண்ணோடு இறங்கினான். பேருந்தில் கழிப்பறை உண்டா என்று தங்கையைக் கேட்டான். யாகுப் அவனை மேட்டுத் தெருவில் இறக்கிவிட்டு, இந்த முறை தானும் இறங்கி, வாசலில் மற்றவர்களோடு செருப்பைக் கழற்றினான். கதவை அன்று சுன்னிவாவே உள்ளிருந்து திறந்துவிட்டாள். நீலக் கோப்பை அன்று ஒரு ஜெர்மன்காரிக்குப் போயிற்று. ஹானுஸ் பூப்போட்ட பீங்கானில் நாலு கட்டி போட்டுக் குடித்தான். சுவரில் கல்யாணப் படம் இரண்டாகியிருந்தது. அவன் பழைய படத்தின் முன்னால் நின்று மாப்பிள்ளை என்னை மாதிரியே இருக்கிறார் என்றான். புதிய படத்தின் முன்னால் நின்று, இவர் நம் ஓட்டுநர் இல்லையா என்று கேட்டு, யாகுப்பின் முதுகில் தட்டினான். புறப்படும்போது எல்லாருக்கும் முன்னால் வாசலுக்குப் போய், இடது தோளைக் கொடுத்துக் கதவைத் தூக்கித் தள்ளினான். கதவு காற்றைப்போல் திறந்துகொண்டது. தடை இருக்கும் என்று நம்பிய தோள் அப்படியே போக, அவன் தடுமாறி முற்றத்துப் புல்லில் இரண்டு முழங்காலும் பதிய விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எழுந்து திரும்பி, அந்தக் கதவைச் சற்று நேரம் பார்த்தான். யாரோ ஒருவர் தனக்கு ஒரு உதவி செய்துவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை என்று பிரிதா சொல்கிறாள்.

"யாரோ சரி பண்ணிட்டாங்க போல," என்றான்.

"ஆமாங்க," என்றாள் சுன்னிவா. "பாத்துப் போங்க, காத்து அடிக்குது."

அவன் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினான். கால்சட்டையில் அந்த இடம் காய்ந்துதான் இருந்தது. கப்பல் நாலரைக்குப் புறப்பட்டது. அடுத்தது ஒரு வாரம் விட்டு வியாழன் வரும், சுன்னிவா அதற்காக ரூபார்ப் நறுக்கிவைத்திருக்கிறாள்.